வெங்காயத்தை நான் விடப்போவதில்லை

நடுவர் ஐயா, நம் சபைப் போதகர் சேகரகுரு ஐயா, எதிரணியினர், பந்தலுக்கு வெளியே வண்டி மேல் உட்கார்ந்து கேட்கும் தம்பிமார், எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வணக்கம் சொல்லி முடித்தாயிற்று. எனக்கு எட்டு நிமிஷம்தான் தந்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவ விசுவாசம் வளர்வது கோயிலிலா, வீட்டிலும் வேலையிலுமா என்பது தலைப்பு. வீட்டிலும் வேலையிலும்தான் என்று பேச நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போனார். "வீட்டிலேயே விசுவாசம் வளரும் என்று சொல்கிறவர்கள் யார் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது பிரியாணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பவர்கள்!" நீங்களும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் இருந்து என் மாமியாரும் தட்டினார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். வெங்காயத்துக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

தம்பி, அந்த வெங்காயத்தை உரித்தது யார், சரி. பிரியாணியைத் தின்றது யார்? முதல் மணிக்கே போய் முன் பெஞ்சைப் பிடித்து, பிரசங்கத்தில் பாதித் தூக்கம் தூங்கி, ஆசீர்வாதம் முடிந்த கையோடு வீட்டுக்கு வந்து, "இன்னும் இலை போடலையா?" என்று கேட்டீர்களே, அந்தப் பக்தி எங்கே வளர்ந்தது?

நாளைக்கு அசனம், சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் கோயில் விருந்து. இந்த மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். நாலு மூட்டை சின்ன வெங்காயம் குவிந்து கிடக்கிறது. மேடை ஏறும் வரைக்கும் நான் அங்கேதான் இருந்தேன். நடுவர் ஐயா வேண்டுமானால் என் கையை மோந்து பார்க்கலாம். எழுபது வயசு ஆச்சி ஒருத்தி, அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். தம்பி, நீங்கள் சொன்னதை அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அரிவாள்மணை பக்கத்திலேயே இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நின்று சொல்லுங்கள்.

அப்புறம் தம்பி வேதத்திலிருந்து எபிரெயர் நிருபத்தைக் காட்டினார். சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாதாம். யார் விடச் சொன்னது? ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் எங்கே கூடினார்கள்? பிலேமோன் வீட்டில். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில். அந்தப் புருஷனும் பெண்சாதியும் கூடாரம் தைத்துப் பிழைத்தவர்கள். பவுலும் அவர்களோடு உட்கார்ந்து அதே தொழிலைத்தான் செய்தார். கோபுரம் எழும்புவதற்கு முன்னால் அங்கே ஊசியும் நூலும் இருந்தன.

கோபுரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த அணியின் அக்கா இடையன்குடிக் கோயிலைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நல்ல கோயில்தான். மிஷனரி கால்டுவெல் ஐயர் 1847-இல் தொடங்கி 1880-இல் முடித்தார். 33 வருஷம்! அதுவரைக்கும் அந்த ஊர்ச் சனங்கள் விசுவாசத்தை எங்கே வைத்திருந்தார்கள்? அதற்கு முன்னால் பழைய கோயில் இருந்தது என்று எதிரணி குதிக்கலாம். குதிக்கட்டும். அதே ஊரில் அவருடைய மனைவி எலைசா அம்மா பெண்களை உட்காரவைத்து லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். கோயிலைப் பற்றி அரைமணி நேரம் பேசிய அக்கா, லேஸைப் பற்றி ஒரு நிமிஷம் பேசியிருக்கலாம்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு சாக்குத் திரை. ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். மழையானாலும் காய்ச்சலானாலும் எட்டு மணி. கடையில் ஆள் வருவதும் சரியாக எட்டு மணிக்குத்தான். அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருந்தார், முருக பக்தர். அப்பா முழங்கால் போட்டு, "பரம பிதாவே" என்று தொடங்கினால் போதும், வெளியே இருந்து குரல் வரும்: "அண்ணாச்சி, கால் கிலோ சீனி!"

அப்பா எழுந்திருக்க மாட்டார். ஜெபத்தையும் நிறுத்த மாட்டார். அதே ராகத்தில், "ஆண்டவரே, வாசலில் நிற்கிற சகோதரனுக்குப் பொறுமையைத் தந்தருளும்" என்பார்.

வெளியே இருந்து பதில் வரும்: "பொறுமை எல்லாம் இருக்கு அண்ணாச்சி, சீனிதான் இல்ல!"

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம். இன்னொரு தரம் சொல்கிறேன், எனக்கென்ன கஷ்டம். அப்பா கண்ணை மூடியிருக்கிறார். அம்மா ஒரு கண்ணை மட்டும் மூடியிருக்கிறாள், மற்றக் கண் கல்லாப்பெட்டி மேல். எனக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு, அண்ணன் என் தொடையில் கிள்ளுகிறான். உள்ளே "பொறுமையைத் தந்தருளும்", வெளியே "சீனிதான் இல்ல". தினமும் இதே கதை. அந்தப் பெரியவர் வராத அன்றைக்கு எங்கள் ஜெபத்தில் ஏதோ குறைந்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் ராத்திரி நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரம். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம். அப்பா முதல் வசனத்திலேயே நின்றுவிட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு கடைக்குள் போனார்.

இரும்புப் படிக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதில் ஈயம் வைத்து எடையைச் சரிக்கட்டி, அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை குத்துவார்கள். அரைக்கிலோ கல்லைத் திருப்பிப் பார்த்தால், ஈயம் இல்லை! எப்போது கழன்று விழுந்ததோ. ஒரு நெல்லிக்காய் எடை குறைவு, அவ்வளவுதான். அப்பா அன்றைக்குத் தூங்கவில்லை.

காலையில் பெரியப்பா வந்து, "கல்லை மாத்து, வாயை மூடு" என்றார். அப்பா என் சிலேட்டைப் பிடுங்கினார். அரைக்கிலோ கல் எடை குறைந்திருந்தது, வாங்கினவர்கள் மன்னிக்கவும், இந்த மாதம் முழுவதும் அரைக்கிலோவுக்கு ஒரு கைப்பிடி கூடுதல் என்று எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டார்.

வந்தார்கள் ஐயா கூட்டம்! எங்களிடம் ஒருநாளும் உப்புக்கல் வாங்காதவர்கள் வந்தார்கள். எதிர்க்கடைக்காரர் ஆள் விட்டு அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்கினார். ஒரு கிலோ வேண்டியவர்கள் எல்லாம் அதை இரண்டு அரைக்கிலோவாகக் கேட்டார்கள். உள்ளே அம்மா உலை வைக்கும்போது கோயிலுக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறாள், வெளியே அப்பா ஊருக்கே கைப்பிடி அள்ளிப் போடுகிறார். நடுவில் பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சீனிப் பெரியவரும் வந்தார். அப்பா அவருக்கு மட்டும் இரண்டு கை நிறைய அள்ளினார். அவர் பையைச் சுருட்டிக்கொண்டார். "நான் எப்பவும் கால் கிலோதான வாங்குவேன் அண்ணாச்சி, அந்தக் கல்லு சரியாத்தான இருந்துச்சு?" என்றார். வாங்கவே இல்லை. தம்பி, அவர் நம் கோயில் படி ஏறினவர் இல்லை. அவருடைய நேர்மை எந்த முன் பெஞ்சில் வளர்ந்தது?

இதற்கு மேல் எனக்கு வாதம் பண்ணத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி மழைக்காலத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. கோயிலுக்குப் போக முடியவில்லை, சேகரகுரு ஐயா வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்தார். கடை மூடிக் கிடந்தது. ஆனாலும் எட்டு மணிக்கு அம்மா வேதத்தைத் திறப்பாள். சேர்ந்தாற்போல் இருபது நாள், வீட்டில் அவள் குரல் மட்டும்தான்.

ஒருநாள் ஜெபத்தின் நடுவில் வாசலில் தடி ஊன்றும் சத்தம். அந்தப் பெரியவர். உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மெதுவாக, பழைய குரலில், "அண்ணாச்சி, கால் கிலோ சீனி" என்றார்.

அம்மா நிறுத்திவிட்டாள். அப்பா கண்ணைத் திறந்தார். உதடு கோணிக்கொண்டு அசைந்தது. "பொறு..." என்றார். மீதி வரவில்லை. வாசலில் நின்றவருக்கு மீதி தெரியும். உள்ளே வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அப்பாவின் விழாத கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தாள்.

தலைப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அந்த அரைக்கிலோ கல் இப்போது என் வீட்டில், காற்றில் கதவு அடிக்காமல் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. பின்னால் இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது. தம்பி, சும்மாதானே இருக்கிறீர்கள், வாருங்கள் உரிக்கலாம்.