பால்மரத்துப் பட்டைக்குள் பிரியும் உயிரணுக்கள்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். சுற்றியுள்ள தோட்டங்கள் பெரும்பாலும் எண்ணெய் தரும் செம்பனைக்கு மாறிவிட்டன. எனக்குப் பின்னால் தெரிவது, இன்னும் மிஞ்சியிருக்கும் பால்மரங்களுள், அதாவது ரப்பர் மரங்களுள், ஒன்று. படிவம் நான்கில் உயிரியல் பயிலும் மாணவர்கள் ஓர் உயிரணு வளர்ந்து இரண்டாகப் பிரியும் உயிரணுச் சுழற்சியின் கட்டங்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், ஆனால் அந்தப் பிரிவு ஒரு மரத்தின் எந்த இடத்தில் நடக்கிறது என்று கேட்டால் தயங்குகிறார்கள். அந்த இடத்தை இன்று காட்டுகிறேன்.

கேமராவை அருகில் கொண்டுவருகிறேன். சாய்வாக இறங்கும் இந்தக் கோடுதான் பால் எடுக்கப் பட்டையைச் சீவிய வெட்டு. அதன் ஓரத்தில் காய்ந்து கிடப்பது ஒட்டுப்பால். கோட்டுக்கு மேலே பட்டை வழுவழுப்பாகவும் நிறம் சற்று வெளிறியும் இருப்பதைக் கவனியுங்கள். அது முன்பு சீவியெடுக்கப்பட்ட பகுதி. சீவிய பட்டை திரும்ப ஒட்டிக்கொள்வதில்லை. போன உயிரணுக்கள் போனவைதாம். இப்போது நாம் பார்ப்பது, உள்ளிருந்து புதிதாகப் பிறந்த பட்டை.

அதைப் பிறப்பித்தது, மரக்கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறையாகச் சுற்றியிருக்கும் கேம்பியம். அங்குள்ள உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒன்று கேம்பியமாகவே நீடிக்க, மற்றொன்று உட்பக்கம் தள்ளப்பட்டால் கட்டையாகவும் வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் பட்டையாகவும் மாறுகிறது. பால் ஓடும் குழாய்களும் அந்த வெளிப்பக்கப் பிள்ளைகளிலிருந்து தோன்றுபவையே. உயிரணுக்கள் வரிசையாக இணைந்து, இடைச்சுவர்கள் கரைந்து அவை குழாயாகின்றன. இதில் ஒரு சங்கடம் உண்டு. பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது கேம்பியத்தை ஒட்டிய உட்பட்டையில்தான். ஆகவே அதிகப் பாலுக்கு ஆசைப்பட்டுக் கத்தியை ஆழமாக இறக்கினால் கேம்பியமே காயப்படும். இதோ, இந்த முண்டும் முடிச்சும் அப்படி வந்தவை. நல்ல வெட்டுக்காரர் கேம்பியத்துக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைப்பார். கைப்பழக்கத்தால் வரும் இந்தத் துல்லியத்துக்கு உரிய மதிப்பை நாம் கொடுத்ததில்லை என்பது என் எண்ணம்.

1877-இல் பக்கத்துக் கோலகங்சாரில் 9 ரப்பர் நாற்றுகள் நடப்பட்டன; அவற்றுள் ஒன்று மரமாக இன்றும் நிற்கிறது. ஆனால் பயிர் தொழிலாக நிலைத்ததற்கு, 1890-களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்த முறை முக்கியமான காரணம். மரத்தைக் கண்டபடி கொத்தாமல், ஒரே வெட்டை மெல்லிய சீவலாக மீண்டும் மீண்டும் திறந்தால் கேம்பியம் தப்பும், பட்டையும் புதுப்பிக்கப்படும்.

இனி அந்த ஓர் உயிரணுவுக்குள் செல்வோம். பிரிவதற்கு முன் அது புரதங்களைச் சேர்த்து வளர வேண்டும். பிறகு தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். பால்மரத்தின் 36 குரோமோசோம்களும் இரட்டைப் படிகளாகின்றன. படியெடுப்பு முடிந்ததா, பழுது உள்ளதா என்று சோதித்த பின்னரே, அந்தப் படிகளை இரண்டாகப் பங்கிடும் மைட்டாசிஸ் தொடங்குகிறது. இந்தச் சோதனைகளையும், சுழற்சியை முன்னே தள்ளும் சைக்ளின் முதலிய புரதங்களையும் கண்டறிந்ததற்காக ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவரும் 2001-இல் நோபல் பரிசு பெற்றார்கள். இறுதியில், விலங்கு உயிரணு இடுப்பில் கயிறு இறுக்கியதுபோல் குறுகிப் பிரியும். தாவர உயிரணுவுக்குக் கெட்டிச் சுவர் இருப்பதால் நடுவில் புதுச் சுவர் எழும்புகிறது. தேர்வில் இந்த வேறுபாட்டைக் கேட்பார்கள், விட்டுவிடாதீர்கள். பிரிவு எண்ணிக்கையைத்தான் கூட்டுகிறது. தாவரத்தில் உருவம் பெருப்பது பெரும்பாலும், பிறந்த உயிரணு நீரை உறிஞ்சி நீள்வதால்தான்.

எதிரில் உள்ள செம்பனைக்கு இந்தக் கேம்பியம் கிடையாது. அதன் தண்டைச் சீவினால் புதுப் பட்டை வராது. வளரும் முனை உச்சிக் குருத்தின் அடியில் ஒன்றே ஒன்று. காண்டாமிருக வண்டு அதுவரை துளைத்துவிட்டால் மரம் பட்டுப்போகும். கிளை வெட்டி நடவும் வழியில்லை. எனவே ஒரே மரத்தைப் பெருக்க விரும்புவோர் ஆய்வகத்தில் திசு வளர்ப்பைத்தான் நாட வேண்டும். அப்படி வளர்ந்த சில மரங்களில் காய்கள் உருக்குலைந்து எண்ணெய் குறைந்தது. மலேசிய ஆய்வாளர்கள் 2015-இல் காரணத்தை வெளியிட்டார்கள்: டி.என்.ஏ. எழுத்துகள் மாறவில்லை, ஒரு குறிப்பிட்ட பகுதியின்மேல் இருக்க வேண்டிய மீத்தைல் என்னும் வேதிக் குறிகள்தாம் நீங்கியிருந்தன.