தபால்காரர் என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் ஐயாவுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், சாப்பாடு முடிந்தும் இடம் நகராமல் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். தேர்தலில் தோற்ற பிறகும் ஓர் இயக்கம் உயிரோடு நிற்பது தலைவரின் பேச்சாலா, தொண்டரின் நடையாலா என்பது தலைப்பு. நான் தொண்டரின் பக்கம். இந்த டெக்சஸ் வெயிலில் கன்சர்வேட்டிவ், அதாவது மரபு காக்கும் அரசியல் பேசும், வேட்பாளர்களுக்காகத் தெருத்தெருவாக நடக்கிற பெண் வேறு எந்தப் பக்கம் நிற்பாள்?

வாதங்களை வரிசையாக எழுதித்தான் கொண்டுவந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒன்று சொன்னாரே, அதைக் கேட்டதும் தாளை மடித்து வைத்துவிட்டேன். "வீடு வீடாகக் கதவைத் தட்டி நோட்டீஸ் கொடுப்பவருக்குப் பெயர் அரசியல்வாதி இல்லை, தபால்காரர்" என்றார். அரங்கமே கை தட்டியது. தட்டியவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். நான் இறங்குவதற்குள் அதே கைகளை எனக்கும் தட்ட வைக்கிறேன்.

தம்பிக்குப் பதில் கொஞ்சம் பிறகு. அதற்கு முன் ஒரு ஜாம் பாட்டில் கதை.

இலினாய் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஆல்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்று ஓர் அம்மாள். ஆறு பிள்ளைகள். 1952-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நின்றார், தோற்றார். 1967-இல் ரிபப்ளிகன் பெண்கள் கூட்டமைப்பின் தலைவர் பதவிக்கு நின்றார், சொந்தக் கட்சிக்காரர்களே தோற்கடித்தார்கள். 1970-இல் மறுபடி காங்கிரஸுக்கு நின்றார், மறுபடியும் தோல்வி. நம் ஊராக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "போதும்மா, பிள்ளைகளைப் பார்" என்றிருப்போம். அந்த அம்மாள் பிள்ளைகளையும் பார்த்தார். 1967 தோல்வியில் தன் பக்கம் நின்ற பெண்களுக்கு மாதாமாதம் ஒரு செய்தி மடலும் அனுப்பத் தொடங்கினார். தோற்ற அன்று தன்னோடு நின்றவர்களைக் கலைய விடவில்லை. அதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும்.

1972 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் சம உரிமைத் திருத்தத்தை நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. ஆண் பெண் என்று பார்த்துச் சட்டம் வேற்றுமை காட்டக் கூடாது என்பது அதன் சாரம். 38 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் அரசியல் சட்டத்தில் ஏறிவிடும். 1973 முடிவதற்குள் 30 மாநிலங்கள் ஒப்புக்கொண்டுவிட்டன. ஜனாதிபதி நிக்சன் ஆதரவு, அடுத்த ஜனாதிபதி ஃபோர்டு ஆதரவு, அதற்கடுத்த கார்ட்டர் ஆதரவு. இரண்டு பெரிய கட்சிகளும் ஆதரவு. எதிர்த்து நின்றது யார்? மடல் வாங்கிப் படித்த அந்தப் பெண்கள். பெண்களையும் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுப்பார்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கும் கணவனை இழந்தவளுக்கும் சட்டம் தரும் பாதுகாப்பு போய்விடும் என்பது அவர்கள் பயம். எனக்கு அந்தப் பயம் நியாயம் என்றே படுகிறது. உங்களில் பலருக்கு அப்படிப் படாது, அதுவும் தெரியும். அந்தச் சண்டையை இன்னொரு மேடையில் வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அவர்கள் எப்படி நின்றார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

இலினாயின் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு. சட்டமன்ற உறுப்பினர் காலையில் வருகிறார். அவரைப் பார்க்க ஒரு கூட்டம் பெண்கள். கையில் கொடி இல்லை. வீட்டில் சுட்ட ரொட்டி, வீட்டில் காய்ச்சிய ஜாம். சம்பாதித்துக் கொண்டுவருகிறவர்களுக்கு ரொட்டி சுடுகிறவர்களின் அன்பளிப்பு என்ற மாதிரி ஒரு வாசகம். கொடுத்துவிட்டு, "ஐயா, இந்தத் திருத்தம் எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பத்திரிகைகளில் சிரித்தார்கள். ஜாம் பாட்டிலை வைத்துக்கொண்டு அரசியலா என்று கேட்டார்கள். சரி, அந்த உறுப்பினரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். துண்டறிக்கை வந்தால் குப்பைக்கூடைக்குப் போகும். மனு வந்தால் கோப்புக்குப் போகும். ரொட்டியை என்ன செய்வீர்கள்? தூக்கிப்போட மனம் வருமா? வீட்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டில் "இது யார் கொடுத்தது?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் அரசியல் சட்டம் பற்றிப் பேச்சு வரும். ஒரு பாட்டில் ஜாம் எத்தனை நாள் வரும்? பத்து நாளாவது வரும். பத்து நாளும் காலையில் மூடியைத் திறக்கும்போது அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வரும். எந்தத் தலைவரின் பேச்சு ஐயா, பத்து நாள் காலைச் சாப்பாட்டோடு ஞாபகம் வருகிறது?

இன்னும் முடியவில்லை. இதே கதையை அந்தப் பெண்களின் பக்கம் இருந்து பாருங்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு அடுப்பு மூட்டியிருப்பார்கள். ரொட்டி ஆறும் வரை உட்கார்ந்து, எந்த உறுப்பினரிடம் யார் பேசுவது என்று பட்டியல் எழுதியிருப்பார்கள். விடிந்ததும் வண்டி எடுத்திருப்பார்கள். இதை ஒரு முறை செய்யலாம். ஏறத்தாழ பத்து ஆண்டு செய்தார்கள்! இலினாயில் அந்தத் திருத்தம் நிறைவேற ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 1980-இல் கீழவையில் ஆதரவு 102, தேவைப்பட்டது 107. ஐந்தே ஐந்து வாக்கு. அந்த ஐந்து வாக்கும் எந்த அடுப்பில் வெந்தது என்று நினைக்கிறீர்கள்? மாநிலங்கள் ஒப்புக்கொள்வதற்கான காலக்கெடுவை 1979-இல் இருந்து 1982 ஜூன் 30 வரை நீட்டிப் பார்த்தார்கள். அந்தக் கெடுவுக்குள் கணக்கு 35 மாநிலத்தைத் தாண்டவில்லை.

"ஷ்லாஃப்லி அம்மையாரே தலைவர்தானே?" என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அவருக்குப் பதவி கொடுத்தது யார்? தேர்தலில் யாரும் கொடுக்கவில்லை. ரொட்டியோடு பின்னால் வந்த பெண்கள் இல்லை என்றால், ஆல்ட்டனில் தனியாக மடல் எழுதிக்கொண்டிருந்த ஒருவர் அவர், அவ்வளவுதான்.

இப்போது தபால்காரருக்கு வருகிறேன். தம்பி நிமிர்ந்து உட்காரட்டும்.

1964. பாரி கோல்ட்வாட்டர் என்ற கன்சர்வேட்டிவ் தலைவர் ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார். கிடைத்தது ஆறு மாநிலம். லிண்டன் ஜான்சனுக்கு 44. கன்சர்வேட்டிவ் அரசியலைப் புதைத்தாகிவிட்டது என்று எழுதினார்கள். தலைவர் போய்விட்டார், செனட் இடமும் போய்விட்டது. மிச்சம் என்ன இருந்தது? ரிச்சர்ட் விக்கரி என்ற இளைஞர் அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபை அலுவலகத்துக்குப் போகிறார். கோல்ட்வாட்டருக்கு 50 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் சட்டப்படி அங்கே பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. இயந்திரத்தில் நகல் எடுக்கவில்லை, கையால் எழுதி எடுத்தார்கள். ஆள் வைத்து உட்கார்ந்து எழுதி எழுதிச் சேர்த்தது ஏறத்தாழ 12,500 பெயர். அந்தப் பட்டியலுக்குத்தான் கடிதம் போனது. அதில் இருந்து வளர்ந்ததுதான் பின்னால் அமெரிக்கா முழுவதும் பரவிய கன்சர்வேட்டிவ் தபால் இயக்கம். தம்பி, அதைத் தோளில் சுமந்து வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் தெரியுமா? தபால்காரர்!

இதோ, தட்டுகிறீர்கள். நன்றி.

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது. நம் ஊர்த் தபால்காரர் மணியார்டரும் கொண்டுவருவார், படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கடிதத்தைப் படித்தும் காட்டுவார். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்த வீட்டில் மகன் துபாயில் இருந்து பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான், எல்லாம் தெரியும். ஊரை அவ்வளவு தெரிந்த ஓர் அரசியல்வாதியைக் காட்டுங்கள்.

நான் என் வட்டாரத்தில் பிரீசிங்க்ட் சேர், அதாவது வாக்குச் சாவடி வட்டாரத்தின் கட்சிப் பொறுப்பாளர். கட்சியின் ஏணியில் கீழ்ப்படி. சம்பளம் கிடையாது, டெக்சஸில் இந்தப் பதவிகள் பல காலியாகவே கிடக்கும். எங்கள் ஊரில் இந்த நடையை பிளாக் வாக்கிங் என்பார்கள். கையில் வாக்காளர் பட்டியல், இடுப்பில் தண்ணீர் பாட்டில். முதல் வீட்டில் நாய். இரண்டாவது வீட்டில் கதவுக் கேமரா வழியாக "வேண்டாம்" என்று ஒரு குரல். மூன்றாவது வீட்டில் ஒரு முதியவர் கதவைத் திறந்து, மனைவி இறந்ததில் தொடங்கி அரை மணி நேரம் பேசுவார். அரசியல் ஒரு வார்த்தை கூட வராது. நான் குறித்துக்கொள்வேன். அடுத்த தேர்தலுக்கு அவரே போன் செய்து, "வாக்குச் சாவடிக்கு யார் கூட்டிப்போவது?" என்று கேட்பார்.

எதிரணித் தலைவர், பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ரீகனை எடுத்துவந்தார். 1964 அக்டோபர் 27 அன்று கோல்ட்வாட்டருக்காகத் தொலைக்காட்சியில் அவர் பேசிய ஒரே பேச்சு எல்லாவற்றையும் மாற்றியது என்றார். நல்ல பேச்சுதான். அந்தப் பேச்சைக் கேட்டும் ஒரு வாரத்தில் கோல்ட்வாட்டர் தோற்றாரே? 1976-இல் அதே ரீகன், அதே குரல், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்ற போட்டியில், முதல் சில மாநிலங்களில் வரிசையாகத் தோற்று, பணமும் தீர்ந்து நின்றார். வட கரோலினா ஆட்கள் விடாமல் உழைத்து அவரை அங்கே ஜெயிக்க வைத்தார்கள். கடைசியில் கான்சாஸ் சிட்டியில் நடந்த கட்சி மாநாட்டில் 1,070-க்கு 1,187 என்று ஃபோர்டிடம் தோல்வி. அந்த 1,070 பேரும் அவரவர் ஊருக்குத் திரும்பிப் போய் என்ன செய்தார்கள் என்பதில்தான் 1980 இருக்கிறது. அந்த ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் ரீகன் ஜெயித்தது 44 மாநிலம். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

தோற்ற மறுநாள் என்ன செய்வது என்று புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். தேர்தல் விளம்பரப் பலகைகளைப் பிடுங்கி அடுக்கு, தூங்கு, தொலைக்காட்சியை அணை என்பேன். அப்புறம் கூட நடந்த ஒவ்வொருவருக்கும் போன் செய்து நன்றி சொல். மே மாதம் பள்ளி வாரியத் தேர்தல் வரும், நகர மன்றத் தேர்தல் வரும். சில நூறு வாக்கில் முடிவாகிற இடங்கள் அவை. அங்கே போய் நில். வாக்காளர் பதிவு செய்ய அனுமதிச் சான்று வாங்கி வை. எதிர்க்கட்சிக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் போய்விட்டு வா. கோபத்தில் வந்தவர்கள் கோபம் ஆறியதும் போய்விடுகிறார்கள். பக்கத்து வீட்டைப் பிடித்துப்போய் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். ஐயா, இரண்டே நிமிடம்.

எதிரணித் தலைவர் ராஜாஜியையும் சொன்னார். 80 வயதில், 1959-இல், சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய தனி மனிதர் என்றார். கும்பிட வேண்டிய மனிதர். எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் பெர்மிட், லைசன்ஸ், கோட்டா ராஜ்யத்தை எதிர்த்து அவர் மூட்டிய கட்சி, 1967-இல் மக்களவையில் 44 இடம் பிடித்து முதல் எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. ராஜாஜி, மசானி, ரங்கா. இதைவிடப் பெரிய தலைவர்கள் எந்தக் கட்சிக்கு வாய்த்தார்கள்? 1971-இல் 8 இடம். 1972 கிறிஸ்துமஸ் அன்று ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி இன்னொரு கட்சிக்குள் கரைந்தது. தலைவர்களிடம் குறை இல்லை ஐயா. கீழே தெருவில் ஆள் போதவில்லை.

இருந்த சிலரில் ஒருவர் என் அப்பா. நட்சத்திரச் சின்னத்தைச் சுவரில் நீலம் கரைத்து வரைந்தவர். சைக்கிளில் போய், எந்தத் தெருவில் யார் வாக்கு யாருக்கு என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தவர். 1971-இல் தோற்ற பிறகும் அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தார், யாராவது வந்து கேட்பார்கள் என்று. யாரும் வரவில்லை. ஒரு போஸ்ட்கார்டு கூட வரவில்லை. கட்சி இல்லாமல் போனதையே செய்தித்தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் வாக்களித்தார், எந்தக் கட்சிக்கும் ஒரு சுவர் கூட வரையவில்லை. அவரிடம் யாராவது வந்து, "என்னங்க, அடுத்து என்ன செய்யலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த மனிதர் எழுபது வயது வரைக்கும் சைக்கிள் மிதித்திருப்பார். எனக்குத் தெரியும். நான் அவர் மகள்.

எங்கள் வேட்பாளர் பள்ளி வாரியத்தில் தோற்ற அன்று இரவு அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். எண்பது தாண்டிவிட்டது, காது சரியாகக் கேட்காது. தோற்றுவிட்டோம் அப்பா என்று கத்திச் சொன்னேன். ஏன் தோற்றீர்கள், எத்தனை வாக்கில் தோற்றீர்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. "சரிம்மா, கூட வந்தவங்க வீட்டுக்கெல்லாம் போய்ப் பாத்தியா?" என்றார்.

இன்னும் சில வீடு பாக்கி இருக்கிறது, நடுவர் ஐயா. தீர்ப்பைச் சொல்லுங்கள், இருட்டுவதற்குள் நான் கிளம்ப வேண்டும். நன்றி, வணக்கம்.