தகடு சொல்வதும் இரும்பு சொல்வதும்

[காட்சி: தார்ப்பாய் மெல்ல விலகுகிறது. வட்ட முன்விளக்குகளும் கம்பிச் சக்கரங்களும் கொண்ட ஒரு சிவப்புத் திறந்த கார் தெரிகிறது.]

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் கொட்டிலில், பல ஆண்டுகளாக ஸ்டார்ட் செய்யப்படாமல், ஓர் எம்.ஜி. டி.சி. கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அப்பப்பா ஓட்டிய கார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மஹகஸ்தோட்டையில் முதலாவதாக வந்தது" என்று வீட்டார் சொல்கிறார்கள். இந்தக் காரும் இந்த வீடும் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட கற்பனை. மலைப்பாதை உண்மையானது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டையில் 1934ஆம் ஆண்டிலேயே வாகனங்களுக்கான மலையேற்ற ஓட்டப் போட்டி தொடங்கிவிட்டது. அப்பப்பாவின் கதை மெய்யா, பாதி மெய்யா, வேறொரு காருக்கு உரியதா என்பதை எப்படி விசாரிப்பது என்பதே இந்த வீடியோவின் விடயம்.

விசாரணையை இரும்பிலிருந்து தொடங்க வேண்டும். காகிதத்திலிருந்து தொடங்குபவர், காகிதம் சொல்லும் காரையே தம் முன்னால் நிற்கும் காரிலும் காணத் தலைப்படுகிறார். அந்தத் தவறைப் பிறகு திருத்துவது கடினம்.

டி.சி. கார்கள் 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் கட்டப்பட்டன. மொத்தம் ஏறத்தாழ 10,000. அவற்றின் செசி இலக்கம், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டத்தின் இலக்கம், 251இல் தொடங்குகிறது, ஏனெனில் அந்தத் தொழிற்சாலையின் தொலைபேசி இலக்கம் அபிங்டன் 251. ஆகவே ஒருவர் 180ஆம் இலக்க டி.சி. தம்மிடம் இருப்பதாகச் சொன்னால், அந்த இலக்கத்தில் அப்படி ஒரு கார் அபிங்டனிலிருந்து வெளியே வரவே இல்லை என்று உடனே சொல்லிவிடலாம்.

[காட்சி: எஞ்சின் மூடி திறந்திருக்கிறது. கைவிளக்கின் ஒளி ஒரு சிறு பித்தளைத் தகட்டில் விழுகிறது.]

காரில் இலக்கங்கள் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, தகட்டில் பொறித்து ஆணியால் பொருத்தப்பட்ட இலக்கம். மற்றது, செசிச் சட்டத்தின் இரும்பிலேயே அடித்துப் பதிக்கப்பட்ட இலக்கம். தகட்டை ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறொரு காரில் பொருத்திவிடலாம் என்பதால், எத்தனை பழையதாகத் தோன்றினாலும் அது தனியாக எதையும் நிறுவாது. டி.சி.யின் எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினின் இலக்கமும் இப்படி ஒரு சிறிய தகட்டில்தான் இருக்கிறது. அதே எஞ்சின் எம்.ஜி.யின் வை வகை சலூனிலும், சற்று மாற்றிய வடிவில் வோல்ஸ்லி 4/44 காரிலும் ஓடியது. சலூன் எஞ்சின் ஒன்றில் டி.சி.யின் தகடு இருந்தால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

இரும்பில் அடித்த இலக்கமோ எளிதில் மறையாது. உளி முத்திரையைச் சுத்தியலால் அடிக்கும்போது எழுத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்குகிறது. பின்னர் ஒருவர் அந்த எழுத்தை அரத்தால் தேய்த்து மட்டமாக்கினாலும், கீழே நசுங்கிய பகுதி அப்படியே இருக்கும். தகுந்த அமிலக் கரைசலைத் தடவினால் நசுங்கிய உலோகமும் நசுங்காத உலோகமும் வெவ்வேறு விதமாக அரிக்கப்பட்டு, அழிந்த இலக்கம் நிழலாக மேலெழும். திருட்டு வாகனங்களை ஆராயும் தடயவியல் நிபுணர்கள் கையாளும் முறை இது. அவர்களிடமே விட்டுவிட வேண்டிய வேலையும் கூட. வெறும் கண்ணாலும் ஓரளவு பார்க்கலாம். கையால் அடித்த இலக்கங்கள் சற்று ஏறி இறங்கி, ஒன்று ஆழமாகவும் ஒன்று மெலிதாகவும் இருக்கும். அந்தக் காலத்து இலக்கம் அச்சிட்டதுபோல நேர்கோட்டில் இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

உடலையும் கேளுங்கள். டி.சி.யின் தகரங்களுக்கு உள்ளே ஆஷ் மரச்சட்டம் இருக்கிறது. கதவின் உட்புறத்தைத் திறந்து பார்க்கும்போது தேக்கோ பலாவோ தென்பட்டால், அந்த உடலை இந்நாட்டுத் தச்சர் ஒருவர் மறுபடி கட்டியிருக்கிறார் என்று கொள்ளலாம். அதைக் குறையாக எண்ணி மறைக்க வேண்டியதில்லை. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் அறுபதுகளில் வாகன இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய காரும் அசல் உதிரிப்பாகமும் அரிதாகவே இருந்தன. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைத்ததை வாங்கி, கராஜ் மெக்கானிக்குகளான பாஸ்மார் தம் கைத்திறனால் பொருத்திப் பழைய கார்களை ஓடவைத்தார்கள். அவர்கள் செய்த மாற்றம் ஒவ்வொன்றும் அந்தக் காரின் வரலாற்றில் ஒரு பக்கம்.

[காட்சி: பெரிய பந்தயக் கார் ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம்.]

அப்படியானால், பாகங்கள் மாறிய பின்னும் அது அதே காரா? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்ட் நம்பர் வன்' என்ற கார் 1929இலும் 1930இலும் லெ மான்ஸ் 24 மணி நேர ஓட்டத்தில் வென்றது. 1932இல் அதற்கு 8 லீட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் அது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பின்னர் அது கூரையுள்ள காராக மாற்றிக் கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து ஒரு நிறுவனம் இந்தக் காரை 1 கோடி பவுணுக்கு வாங்க உடன்பட்டு, பிறகு இது உண்மையான ஓல்ட் நம்பர் வன் அல்ல என்று கூறிப் பின்வாங்கியது.

நீதிபதி ஒட்டன் பாகம் பாகமாக ஆராய்ந்தார். 1930இல் வென்ற காரிலிருந்து மிஞ்சியவை கியர் பெட்டியின் கூடு, மிதிகளின் தண்டு, ஸ்டியரிங் தண்டு ஆகியவை மட்டுமே என்று கண்டார். இருந்தும் விற்றவருக்கே தீர்ப்பளித்தார். மாற்றங்கள் எல்லாம் ஒரே காரின் தொடர்ச்சியான வாழ்வுக்குள் நிகழ்ந்தவை, எந்தக் கட்டத்திலும் அது வேறொரு காராகப் பிரிந்துபோகவில்லை, ஆகவே அந்தப் பெயருக்கு அது உரித்துடையது என்பது அவரது முடிவு. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. எல்லாப் பாகமும் அசலாக இருந்து, நடுவில் இருபது ஆண்டுகள் எங்கே இருந்தது என்று தெரியாத காரைவிட, பாதி மாறியும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்குள்ள காரையே நான் நம்புவேன்.

தொடர்ச்சி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வழக்கமான ஒரு கதை உண்டு. விபத்தில் வளைந்த செசியை ஒதுக்கிவிட்டு, நல்ல பாகங்களைப் புதிய செசியில் ஏற்றி ஓட்டுகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் ஒதுக்கிய செசியை எடுத்து நிமிர்த்தி, அதன் மேல் இன்னொரு காரைக் கட்டுகிறார். இப்போது ஒரே இலக்கத்துக்கு இரண்டு கார்கள் உரிமை கோருகின்றன; இருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நாடு நாடாகச் சென்ற பந்தய அணிகள், சுங்கப் பத்திரத்தில் உள்ள இலக்கத்துக்குப் பொருந்துமாறு ஒரு காரின் தகட்டை இன்னொன்றில் மாற்றிக்கொண்டதும் உண்டு.

[காட்சி: பழைய பத்திரிகைத் தொகுப்பின் பக்கங்கள் புரள்கின்றன.]

இனிக் காகிதத்துக்கு வரலாம். முதலில் இலக்கத்தகடு. சி.எல்., ஈ.வை. போன்ற ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் ஐம்பதுகளின் பிற்பகுதியில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழ் மக்கள் அதை எதிர்த்து நடத்திய போராட்டத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாற்றம் நமக்கு ஒரு காலக்கோடாகவும் உதவுகிறது. முன்பே பதிவான கார்கள் தம் ஆங்கில எழுத்துகளையே வைத்துக்கொண்டன. ஆகவே அப்பப்பாவின் டி.சி.யில் ஸ்ரீ தகடு இருந்தால், ஐம்பதுகளின் தொடக்கத்தில் அது வேறு இலக்கத்தில் ஓடியிருக்க வேண்டும், அல்லது அப்போது இலங்கையிலேயே இருந்திருக்காது. பதிவுப் புத்தகத்தில் முந்தைய உரிமையாளர்களின் வரிசையைப் பார்த்தால் இரண்டில் எது என்பது பெரும்பாலும் தெளிவாகும்.

அந்த வரிசையில் ஒரு தோட்டத்துரையின் பெயர் வந்தால் பெர்குசன் டிரெக்டரியைத் திறவுங்கள். எந்தத் தோட்டத்தில் எவர் துரையாக இருந்தார் என்பதை அது பட்டியலிடுகிறது. அவர் நுவரெலியாப் பக்கம் இருந்தவரா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

பத்திரிகைகளுக்குக் கொழும்பு 7இல் இரண்டு இடங்கள்: தேசிய சுவடிகள் திணைக்களமும், 1885 முதல் இந்நாட்டு வெளியீடுகளைச் சேர்த்துவரும் கொழும்பு அருங்காட்சியக நூலகமும். ஆங்கிலப் பத்திரிகைகளோடு நின்றுவிடாமல், 1930இல் தொடங்கிய வீரகேசரியையும் 1932இல் தொடங்கிய தினகரனையும் புரட்டுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பந்தயச் செய்தி பொதுவாக ஓட்டியவரின் பெயரையும் காரின் வகையையும் நேரத்தையும் தரும். செசி இலக்கத்தைத் தராது. ஒரே போட்டியில் மூன்று டி.சி.கள் ஓடியிருக்கலாம்; அப்பப்பா அன்று நண்பரின் காரையும் ஓட்டியிருக்கலாம். அவர் வென்றார் என்பதற்குச் சான்று கிடைத்தாலும், இந்தக் கார் வென்றது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

அந்தச் சான்று பெரும்பாலும் ஒரு புகைப்படமாகவே இருக்கும். கதவில் எழுதிய போட்டி இலக்கத்தைவிட, யாரும் கவனிக்காத சிறியவற்றைப் பாருங்கள்: மட்கார்டில் ஒரு நசுங்கல், முன்விளக்குத் தாங்கியில் கூடுதலாகத் துளைத்த ஓட்டை, காற்றுத்தடுப்புக் கண்ணாடியைச் சரித்துப் பொருத்திய விதம். டிங்கர் வேலையில் நசுங்கல் போய்விடும். தடித்த தாங்கியில் போட்ட ஓட்டை, பெயின்ட்டுக்கு அடியில் இன்னும் இருக்கக்கூடும்.

எம்.ஜி. கார் கிளப்பிடம் உள்ள தொழிற்சாலைப் பதிவேடுகளில், எந்தச் செசிக்கு முதலில் எந்த எஞ்சின் பொருத்தப்பட்டது என்பதைக் கேட்டறியலாம். கிடைத்தவை எல்லாவற்றையும் ஆண்டுவரிசையில் எழுதுங்கள். 1963 முதல் 1971 வரை ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், அந்த வரியில் அப்படியே எழுதி இடத்தை வெறுமையாக விடுங்கள். வீட்டார் சொன்ன கதையை 'வீட்டார் சொன்னது' என்ற தலைப்பில் தனியே எழுதுங்கள். நாளை ஒரு புகைப்படம் வந்து அதை இடம் மாற்றக்கூடும்.

கராஜுக்குக் கொண்டுபோகும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. செசி இலக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். பாஸ் சுரண்டத் தொடங்குவதற்கு முன், விளக்குத் தாங்கியைப் பழைய பெயின்ட்டோடு நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: வெள்ளைத் தாளில், பென்சில் தேய்ப்பின் கறுப்புக்கு நடுவே, இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன.]