தக்காளியின் தண்டு நுனியில் நடப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

செடியின் இலைகளும் பூக்களும் தண்டின் உச்சியில் ஒடுங்கியிருக்கும், ஓயாமல் புதிய செல்களை ஆக்கும் ஆக்குத்திசுவிலிருந்தே பிறக்கின்றன. ஆதலால் இலையை ஒரு பாடமாகவும் பூவை வேறொரு பாடமாகவும் பிரித்துக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்பதைவிட, அது எங்கே, எப்போது, எவ்வளவு இயங்குகிறது என்பதே பயிரின் உருவத்தைத் தீர்மானிக்கிறது. தக்காளியை வைத்து இதை விளக்க முயல்கிறேன்.

ஆக்குத்திசுவின் செல்களை இளமை நிலையிலேயே நிறுத்திவைக்கும் நாக்ஸ் வகை மரபணுக்கள், இலை அரும்பவிருக்கும் இடத்தில் அடங்கிவிடுகின்றன. மக்காச்சோள இலையில் அவை அடங்கியே இருக்க வேண்டும். தவறி இயங்கினால் நரம்புகளை ஒட்டி முடிச்சுகள் புடைக்கும். தக்காளியிலோ அவை வளரும் இலையில் மறுபடியும் விழித்துக்கொள்வதால்தான் அது சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையாகிறது. மக்காச்சோளத்தின் நாக்ஸ் மரபணு ஒன்றைத் தக்காளியில் மிகையாக இயக்கிப் பார்த்தபோது, ஒரே இலை நூற்றுக்கணக்கான சிற்றிலைகளாகப் பிளவுபட்டது.

பூப்பதற்கான கட்டளையும் இலையிலிருந்தே வருகிறது. இலையில் உருவாகும் புளோரிஜென் என்ற புரதம் நுனிக்குச் சென்று அதைப் பூக்கும் பாதைக்குத் தள்ள, அதற்கு நெருங்கிய உறவான 'செல்ஃப் புரூனிங்' என்ற இன்னொரு புரதம் அதைத் தடுத்து வளர்ச்சியை நீட்டிக்கிறது. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவில் கண்டெடுக்கப்பட்ட ஒரு செடியில் இந்தத் தடுப்பு பழுதாகியிருந்தது; கொடிபோல் நீளாமல் அது புதர்போல் நின்றது. காய்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் பழுத்ததால், இயந்திர அறுவடைக்கு ஏற்ற இரகங்கள் அந்த மாற்றத்திலிருந்து உருவாயின.

இதே அறுவடைக்காக இன்னொரு மாற்றமும் தேடப்பட்டது. பழக்காம்பின் நடுவே மூட்டு இருந்தால், பறிக்கும்போது காம்பின் ஒரு துண்டு பழத்தோடு வந்து மற்றப் பழங்களைக் குத்திவிடும். கலாபகஸ் தீவுகளின் காட்டுத் தக்காளியில் மூட்டில்லாக் காம்பு கிடைத்தது. ஆனால் அதைச் சில பயிர் இரகங்களோடு கலந்தபோது, பூங்கொத்து அளவுமீறிக் கிளைத்தது. பூக்கள் பெருகின, காய்ப்போ குறைந்தது. பூவின் அடியிலுள்ள பச்சை இதழ்களான புல்லியைப் பெரிதாக்கிய பழைய மாற்றம் ஒன்று அந்த இரகங்களில் ஏற்கெனவே இருந்ததும், தனித்தனியே நன்மை தந்த இவ்விரு மாற்றங்களும் சேர்ந்ததே தீங்கானதும் 2017-இல் வெளியான ஆய்வில் தெளிவாயின.

அந்த ஆய்வில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் அடுத்த படி. இவ்விரு மாற்றங்களுக்கும் உரிய மரபணுக்களின் பிரதிகளில் சிலவற்றை மட்டும் பழுதாகவும் மற்றவற்றை நலமாகவும் வைத்துக் கலப்பினங்களை உருவாக்கியபோது, பூங்கொத்து மிதமாகக் கிளைத்து, விளைச்சலும் உயர்ந்தது.