‘ஆன்’ விகுதியும் ‘ஆர்’ விகுதியும்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னை வியாசர்பாடியில் முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் நான். பாகுபாடு காட்டாமல் இருக்கக் காவலர்களுக்குத் தரும் பயிற்சியைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். இலக்கணம்தான் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, என் பழைய மாணவன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். பேசின் பிரிட்ஜ் அருகே வாகனச் சோதனை. “லைசென்ஸ் காட்டுங்கள்” என்றுதான் காவலர் தொடங்கினார். கைபேசி வெளிச்சத்தில் அட்டையைத் திருப்பி முகவரியைப் படித்தார். அடுத்த வாக்கியத்தில் ‘ங்கள்’ காணாமல் போயிற்று. “ஓரமாக நிறுத்து. உன் மேல் என்ன வழக்கு இருக்கிறது?” வழக்கு இருக்கிறதா என்று அல்ல, என்ன வழக்கு என்று! என் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்கள் ஆட்டோ பிடித்துப் போய்விடுங்கள்” என்றார். என் நரைத்த தலைக்குக் கிடைத்த சலுகை அது. “நானும் அதே தெருதான்” என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

நான் என் மாணவனை ‘அவன்’ என்பது உரிமையில். காவலர் சொன்ன ‘நீ’ வேறு. இரண்டும் ஒருமைதான், கேட்பவனுக்கு வித்தியாசம் தெரியும்.

சென்னையின் ஜார்ஜ் டவுனுக்கு வெள்ளையர் வைத்திருந்த பழைய பெயர் கறுப்பர் நகரம். கோட்டைக்குள் அவர்கள், வெளியே நாம். 1911-இல் மன்னர் பெயரைச் சூட்டி அந்தப் பெயரை எடுத்தார்கள். அதே 1911-இல்தான் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன சாதியில் பிறந்தால் திருடன் என்று சொன்ன சட்டம் அது. 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. பிறப்பைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் ஒழியவில்லை. இன்று அது சாதியைக் கேட்காமல் பின்கோடைக் கேட்கிறது. எங்கள் பகுதியில் இரண்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான்.

இது நமக்கு மட்டும் உரிய நோய் இல்லை. 1993 ஏப்ரலில் லண்டனில், பஸ் நிறுத்தத்தில் நின்ற ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவரை வெள்ளையின இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். உடன் இருந்த நண்பரும் கறுப்பினத்தவர். அவரும் தாக்குதலுக்கு உள்ளானவர் என்பதே அங்கு வந்த காவலர்களுக்கு உறைக்கவில்லை. 1999-இல் வந்த மெக்பெர்சன் அறிக்கை, ஓரிரு கெட்ட காவலர்களைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கவில்லை. நிறுவனத்துக்கே இனவெறி ஊறியிருக்கிறது என்று எழுதி, 70 பரிந்துரைகளைத் தந்தது. காவலர்களுக்கு இனப் பாகுபாடு பற்றிய பயிற்சியும் அவற்றில் உண்டு.

நம் ஊர்க் காவலர்களுக்கு அப்படியொரு வகுப்பு எடுக்க என்னையும் ஒருமுறை அழைத்தார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்கும் இளைஞர்கள். சட்டம் சொல்லித்தர நான் தேவையில்லை. கைபேசி திருட்டுப் போன ஒரு நிகழ்ச்சியை வாய்மொழியாகச் சொல்லி, புகாராக எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேருக்குப் புகார்தாரர் வசதியான அண்ணா நகர், மீதிப் பேருக்கு வியாசர்பாடி. பெயர் போட வேண்டாம் என்றேன். தாள்களைத் திருத்தும்போது பள்ளி நினைவு வந்துவிட்டது. அண்ணா நகர்க்காரர் ‘கைபேசியைப் பறிகொடுத்ததாகத் தெரிவித்தார்’. வியாசர்பாடிக்காரரைப் பலரும் ‘கைபேசி காணவில்லை என்று கூறினான்’ என்று எழுதியிருந்தார்கள். பறிகொடுத்தது அவன்தான். ஆனால் வாக்கியம் அவனையே சந்தேகப்பட்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் காவலர் எழுந்தார். “ஐயா, எங்கள் மேலதிகாரி எங்களையே ‘வா, போ’ என்றுதான் அழைக்கிறார். எங்களிடம் இல்லாத மரியாதையை வெளியே எப்படிக் கொடுப்பது?” வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று நான் ஏதோ சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பதில் தோன்றியது. 2021-இல் தன்பாலின இணையர் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்தப் பொருளில் புரிதல் போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணரிடம் பாடம் கேட்ட பிறகே தீர்ப்பு எழுதினார். தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் ஒரு விதி சேர்ந்ததற்கு அந்த வழக்கே காரணம். நீதிபதி மாணவராக உட்கார்ந்தார் என்றால், ஆய்வாளர்களும் உதவி ஆணையர்களும் முதல் பெஞ்சில் உட்காரலாம். கீழே இருப்பவரை மட்டும் பயிற்சிக்கு அனுப்புவது, மாமியார் உடைத்த குடத்துக்கு மருமகளைத் திட்டுவது மாதிரி.

எங்கள் பக்கமும் சுத்தம் இல்லை. மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வரும் ஒடிசா, பீகார் இளைஞர்களைப் பற்றி வடசென்னைத் தேநீர்க் கடைகளில் பேசுவதைக் கேட்டால், பேசின் பிரிட்ஜ் காவலர் தேவலாம் என்று தோன்றும். ‘ஏரியாக்காரன்’ என்ற பட்டத்தை வாங்கியவர்கள், இன்னொருவருக்கு ஒரு பட்டம் கட்ட யோசிப்பதில்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, காவல் துறை அவர்களிடம் இந்தியில் பேசித் தைரியம் சொன்னது. ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் மட்டும், ‘கூறினான்’ என்பதில் உள்ள ‘னான்’ அடிக்கப்பட்டு, மேலே பொடி எழுத்தில் ‘னார்’ என்று எழுதியிருக்கிறது. நான் பேசுவதற்கு முன்பே திருத்தினாரா, பேசியதைக் கேட்டுத் திருத்தினாரா, தெரியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று சொன்னதும் நானேதான்.