டெரிக் ஜார்மனின் 8 மில்லிமீட்டர்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, தம் சொந்தப் புரொஜெக்டரைத் தூக்கிவந்து நிறுத்தியிருக்கும் திரைப்படக் கழகச் செயலாளர் அவர்களே, இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். நூலக அலுவலர் இத்தனை வேலைக்கு நடுவே வந்திருக்கிறார். அவரிடம் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது, கடைசியில் வைக்கிறேன்.

தன்பாலீர்ப்பாளர் போன்றோரின் வாழ்வைப் பேசும் குயர் சினிமாவின் முன்னோடி, இங்கிலாந்து இயக்குநர் டெரிக் ஜார்மனைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல எண்ணம்: அவருடைய காமிரா, அவருக்குக் கிடைத்த பணம், அவர் காலத்து இங்கிலாந்துச் சட்டம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. அந்தக் கடுகிலிருந்தே தொடங்குவோம்.

லண்டனில் ஓவியம் பயின்றவர் ஜார்மன். 1971இல் வெளிவந்த கென் ரஸ்ஸலின் 'தி டெவில்ஸ்' படத்துக்கு அரங்கம் வடிவமைத்தவர். பெரிய தயாரிப்பை உள்ளே இருந்து பார்த்த அந்த மனிதர் தமக்கென்று எடுத்துக்கொண்டது சூப்பர் 8, வீட்டுப் படம் எடுக்கும் 8 மில்லிமீட்டர் அகலப் பிலிம். அதன் சட்டகம் ஏறக்குறைய 5.8க்கு 4 மில்லிமீட்டர்; திரையரங்குப் படங்களின் 35 எம்.எம். சட்டகத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு கார்ட்ரிட்ஜில், அதாவது பிலிம் அடைத்த பெட்டியில், 15 மீட்டர் பிலிம், 3,600 சட்டகங்கள். நொடிக்கு 18 வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துபோகும். ஜார்மன் வேகத்தை 6க்கும் 3க்கும் இறக்கினார். 6இல் அதே கார்ட்ரிட்ஜ் 10 நிமிடம் வரும். சட்டகத்துக்கு மூன்று மடங்கு ஒளி கிடைப்பதால் விளக்குச் செலவும் குறையும். ஆனால் ஆள் கையை வீசினால் உருவம் கரையும். 1985இல் 'தி ஏஞ்சலிக் கான்வர்சேஷன்' படத்தில் அந்தக் கரைசலையே மொழியாக்கினார். இரண்டு ஆண்களின் காதல், ஷேக்ஸ்பியரின் 14 சானெட்டுகள் என்னும் பதினான்கடிக் கவிதைகள், அவற்றைப் படிக்கும் நடிகை ஜூடி டெஞ்சின் குரல். வேறு வசனமே இல்லை.

செய்துபார்க்க நினைக்கும் இளைஞர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சூப்பர் 8 பிலிமைத் திரையில் ஓட்டி வீடியோவில் மறுபடி பிடிக்கும்போது படம் துடிக்கும். புரொஜெக்டரில் ஒளியை மறைத்துத் திறக்கும் மூன்று இதழ் ஷட்டர் 18 வேகத்தில் நொடிக்கு 54 முறை வெட்டுகிறது. நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும் வீடியோவுக்கு 50தான் பொருந்தும். புரொஜெக்டரை 16⅔க்கு இறக்கினால் துடிப்பு நிற்கும். அதற்கும் கீழே இறக்கினால் விளக்கின் சூடு பிலிமைப் பொசுக்கும். வெப்பத் தடுப்புக் கண்ணாடி கட்டாயம். காமிராவில் ஓடிய பிலிமே திரையில் ஓடும் படமாகிவிடும் ரிவர்சல் பிலிமுக்கு நெகட்டிவ் கிடையாது. பொசுங்கியது மூலப்பிரதி.

பணத்துக்கு வருகிறேன். இத்தாலிய ஓவியரைப் பற்றிய 'காரவாஜியோ' படத்துக்குப் பணம் சேர ஏழாண்டு பிடித்தது. ரோம் நகரை லண்டன் கப்பல்துறைக் கிடங்கு ஒன்றுக்குள் கட்டினார்கள். 1986இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது!

'ப்ளூ' படத்தை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1986 டிசம்பரில் அறிந்தார், ஊரறியச் சொன்னார். பின்னாளில் நோய் கண்ணைத் தின்றது. பார்வை மங்கிய அந்த மனிதர் 79 நிமிடப் படம் எடுக்கிறார். திரையில் முகமில்லை, மரமில்லை; நீலம் மட்டும். மருத்துவமனைக் காத்திருப்பு, சொட்டு மருந்து, இறந்த நண்பர்களின் பெயர்கள் எல்லாம் காதுக்கு மட்டுமே. 1993 செப்டம்பர் 19 அன்று சேனல் 4 தொலைக்காட்சியும் பி.பி.சி. ரேடியோ 3உம் ஒரே நேரத்தில் ஒலிபரப்பின. ஸ்டீரியோ ஒலி முழுமையாகக் கேட்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நீலம் தொலைக்காட்சியில், குரல் வானொலியில்! எண்ணிப் பாருங்கள், எய்ட்ஸ் என்றால் பக்கத்தில் உட்காரவே மக்கள் அஞ்சிய காலம். ஐந்து மாதத்தில், 1994 பிப்ரவரி 19இல், ஜார்மன் மறைந்தார். அந்தப் படத்தின் பிலிம் பிரதியில் ஒரு தூசு விழுந்தாலும் கண்ணில் உறுத்தும். கீறலை மறைக்க அதில் வேறு உருவமே கிடையாது.

இதனால்தான் பிலிம் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறேன். உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது என்ற 1988ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தின் 28ஆம் பிரிவை இன்னொரு மேடையில் விரிக்கலாம், இது அவசரம். இங்கிலாந்தின் டஞ்ஜனெஸ் கடற்கரையில் ஜார்மன் வாழ்ந்த வீட்டைக் காக்க 2020இல் பத்து வாரத்தில் 35 லட்சம் பவுண்டு திரட்டினார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொடுத்தார்கள். அவருடைய ஆவணங்கள் டேட் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் சேர்ந்தன. நூலக அலுவலர் அவர்களே, நாங்கள் கேட்பது ஒரே ஒரு குளிர் அறை. பழைய வீட்டுப் படங்களில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டேட் பிலிம் 21 டிகிரி செல்சியஸிலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் சுமார் 40 ஆண்டில் புளிக்கத் தொடங்கும். நம் வீட்டுப் பரணில் அத்தனை காலம் தாங்காது. வெளியேறும் அமிலமே அழிவை மேலும் விரைவாக்கும். 4 டிகிரியும் 30 முதல் 40 சதவீத ஈரப்பதமும் கொண்ட அறை போதும்.

நண்பர்களே, வீட்டிலுள்ள சுருள் டப்பாக்களைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். புரொஜெக்டரில் ஏற்றாதீர்கள், சுருங்கிய பிலிமின் பல்துளைகள் கிழிந்துவிடும். வாசலருகே பதிவேடு இருக்கிறது. சுருளின் அகலம், எண்ணிக்கை, வாடை உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.