அஞ்சு காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு

(பண்ருட்டி பக்கம் மகளிர் குழு அக்கா தங்கச்சிங்ககிட்ட பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மார்க்கெட்டிங் பத்தி பேசச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அதுக்கு அமெரிக்கா கம்பெனி கதை எல்லாம் நமக்கு எதுக்கு, நம்ம மாவட்டத்துலயே ஒண்ணு நடந்திருக்கு, அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

கடலூர்ல சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தர் இருந்தாரு. பவுடர்னா தகர டப்பாவுல மட்டும்தான்னு இருந்த காலத்துல 100 கிராம், 50 கிராம், 20 கிராம்னு சின்னச் சின்னதா போட்டு வித்தவரு. பணக்காரங்க வாங்குறதை ரிக்‌ஷா ஓட்டுறவங்களும் கூலி வேலைக்குப் போறவங்களும் வாங்கணும்ங்கறது அவரோட எண்ணம். ஷாம்பை சாஷே பாக்கெட்டுல கொண்டுவந்ததும் அவருதான். அவரோட மகன் ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாய் கையில வச்சுக்கிட்டு சிக் ஷாம்பு ஆரம்பிச்சாரு. சின்னிகிருஷ்ணன்ங்கற அப்பா பேர்ல இருந்து வந்ததுதான் அந்த சிக். அந்தக் கம்பெனிதான் பின்னாடி கெவின்கேர் ஆச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க, அன்னிக்கு கிராமத்துல யாரு ஷாம்பு போட்டாங்க? சீயக்காய், அரப்பு, இல்லன்னா குளிக்கிற சோப்பையே தலைக்கும் தேய்ச்சுக்கிட்டாங்க. "எங்க ஷாம்பு நல்லது, வாங்குங்க"ன்னு கத்தினா யார் காதுல விழும்? சிக் கம்பெனிக்காரங்க ஊர் ஊரா போயி ஒரு பையனை உட்கார வச்சு எல்லார் முன்னாடியும் தலைக்கு ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பாருங்க, மோந்து பாருங்கன்னு சொன்னாங்க. ரஜினி படம் போட்டுக் காட்டி நடுவுல விளம்பரம் ஓட்டி, படம் முடிஞ்சதும் இலவசமா பாக்கெட் குடுத்தாங்க.

அப்புறம் இன்னொண்ணு பண்ணாங்க. எந்தக் கம்பெனி ஷாம்பா இருந்தாலும் சரி, அஞ்சு காலி பாக்கெட் கொண்டுவந்தா ஒரு சிக் பாக்கெட் சும்மா. கொஞ்ச நாள் கழிச்சு சிக் காலி பாக்கெட் மட்டும்தான் எடுத்துப்போம்னு மாத்தினாங்க. அதுக்குள்ள கையில பழகிடுச்சு இல்லையா, கடையில போயி சிக்னே பேர் சொல்லிக் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. மாசம் 35,000 ரூபாய் வித்துக்கிட்டு இருந்தது 12 லட்சத்துக்குப் போச்சு. நம்ம பொண்ணுங்க தலையில வைக்கிற மல்லி, ரோஜா வாசனையையே ஷாம்புல போட்டாங்க, 1999-ல 50 பைசா பாக்கெட்டும் விட்டாங்க. வாங்கறவ மூக்குக்கு எது புடிக்கும், அவ சுருக்குப்பையில எவ்வளவு சில்லறை இருக்கும், இது ரெண்டும் தெரிஞ்சதாலதான் இவ்வளவும் செய்ய முடிஞ்சது. மார்க்கெட் ரிசர்ச்சுன்னு பெரிய பேரா வச்சிருக்காங்களே, அது இதுதான்.

என் கதைக்கு வரேன். நான் இட்லிப்பொடி தொழில் ஆரம்பிச்சப்ப அக்கம்பக்கத்துல எல்லாருக்கும் குடுத்து எப்படி இருக்குன்னு கேட்டேன், எல்லாரும் பிரமாதம்னாங்க. நம்ம ஊர்ல வீடு தேடி வந்து குடுத்த பொருளை நல்லா இல்லன்னு யாரு சொல்லுவா? அதை நம்பி அரைக்கிலோ கவரா 60 போட்டு கடையில வச்சேன், ரெண்டு மாசம் கழிச்சு 52 திரும்பி வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

மறுநாள் சாயந்திரம் அதுல சில கவரை மறுபடியும் அந்தக் கடையிலேயே வச்சுட்டு ஓரமா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வேலை முடிச்சு வந்த ஒரு அக்கா என் கவரை எடுத்தாங்க, திருப்பி விலையைப் பார்த்தாங்க, கட்டை விரலால அழுத்திப் பார்த்தாங்க, அப்படியே வச்சுட்டு பத்து ரூபாய்க்கு பொட்டுக்கடலை வாங்கிட்டுப் போயிட்டாங்க. அவங்க பொடியை வீட்டுலயே அரைச்சுக்குவாங்க, கடலைதான் வேணும். இன்னொரு பக்கம் ஹாஸ்டல் பொண்ணுங்க மூணு பேரு "சின்ன பாக்கெட் இல்லையாண்ணா"ன்னு கடைக்காரரைக் கேட்டுட்டு ஊறுகாய் சாஷே வாங்கிட்டுப் போனாங்க. யாருக்காக செஞ்சேனோ அவங்களுக்கு அது தேவையில்ல, யாருக்குத் தேவையோ அவங்களை நான் நினைச்சே பார்க்கல. அப்புறம்தான் 50 கிராம் பாக்கெட் போட்டு ஹாஸ்டல் பக்கத்துக் கடைகள்ல சரம் சரமா தொங்க விட்டேன், ஓடுச்சு.

அதனால "நல்லா இருக்கா"ன்னு யாரையும் கேக்காதீங்க. போன வாரம் என்ன வாங்கினீங்க, எவ்வளவுக்கு வாங்கினீங்க, யாருக்காக வாங்கினீங்க, இதைக் கேளுங்க, இதுக்குப் பொய் சொல்ல வராது.

செக்மென்டேஷன்னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க, வாங்கறவங்களை வகை பிரிக்கறது. அதைப் பண்ருட்டிக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? முந்திரி உடைக்கிறப்பவே முழுசு தனி, பாதி தனி, துண்டு தனின்னு பிரிக்கிறீங்க. பெரிய முழுப் பருப்பு கல்யாணத்துக்கும் பரிசு டப்பாவுக்கும் போகுது, பாதி பருப்பு பொங்கல் பாயசத்துக்கு வீட்டுக்குப் போகுது, துண்டை ஸ்வீட் கடைக்காரர் வாங்கிட்டுப் போறாரு, எப்படியும் அரைச்சு கத்லி போடப் போறவருக்கு முழுப் பருப்பு எதுக்கு? ஒரே மரத்துக் கொட்டைதான், ஆனா மூணு பேரு, மூணு விலை, மூணு விதமான பை. பருப்பைப் பிரிக்கிற அதே கண்ணால வாங்க வர்றவங்களையும் பாருங்க.

விக்கிறது பத்தியும் ஒரு வார்த்தை. கடைக்காரர்கிட்ட பேசக் கூச்சப்படாதீங்க, அவருக்கு ஒரு பாக்கெட்டுல எவ்வளவு நிக்கும்னு முதல்ல சொல்லுங்க, தேதி முடியறதுக்கு முன்னாடி நீங்களே போயி பழசை எடுத்துட்டு புதுசு வையுங்க. சின்ன பாக்கெட்னா கவர் செலவும் கைவேலையும் கூடும், அதைக் கணக்குல சேர்க்காம விலை போட்டுட்டு கஷ்டப்படுறவங்களை நிறைய பார்த்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். குப்பையும் சேருது, அதனால காகிதக் கவர் தாங்குற பொருளுக்கு காகிதமே போடுங்க.

வர்ற வாரம் ஆளுக்கு ஒரு கடையில ஒரு சாயந்திரம் உட்காருங்க. யாரு எதை எடுத்துப் பார்த்துட்டு வச்சுட்டுப் போறாங்கன்னு நோட்டுல குறிச்சுக்கிட்டு வாங்க, அடுத்த கூட்டத்துல அதை வச்சே பாக்கெட் அளவும் விலையும் போட்டுடலாம். பலாப்பழ சிப்ஸ் போடுற அக்காங்க தராசையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.